சிறு ஜாதி நாய்க்குட்டிகளுக்கு உண்டாகும் வாந்தி

நம் குடியானவர்கள் வீட்டிலும் களத்திலும் காவலுக்கென்று வளர்த்து வந்தவை பெரும்பாலும் நாட்டு நாய்களே. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் பெற்ற ஜாதிகளும், பெயரில்லாத ஊர் நாய்களும் வெயிலையும் மழையையும் தாங்கி, கிடைத்ததைத் தின்று, வியாதி வந்தால் ஒரு மூலையில் இரண்டு நாள் சுருண்டு கிடந்து தாமே தேறி எழுந்துவிடும். இப்பொழுது பட்டணங்களிலிருந்து பொமரேனியன், ஸ்பிட்ஸ், சிவாவா முதலிய சிறு ஜாதிக் குட்டிகளைக் குழந்தைகளின் பிரியத்தின் பொருட்டு வாங்கி வந்து கிராமங்களில் வளர்ப்பது சாதாரணமாகியிருக்கிறது. நாட்டு நாய்க்குச் செய்து பழகிய பக்குவத்தையே இவற்றிற்கும் செய்வதால் அநேகம் குட்டிகள் வீணாக மடிகின்றன.

பயிரையும் எருவையும் பற்றிப் பேசும் இப்பத்திரிகையில் நாய்க்குட்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். குட்டிகள் வாந்தி எடுத்து இறப்பதற்குரிய காரணங்களில் சில, நம் இலாகாவினராகிய நாங்களே உபயோகிக்கும்படி சிபாரிசு செய்யும் பொருள்களில் இருக்கின்றன என்பதே அதற்கு விடை. மேலும், குட்டிக்கு வரும் சில வியாதிகள் வீட்டிலுள்ள குழந்தைகளையும் பற்றக்கூடியவை. இதை எழுதுபவன் கால்நடை வைத்தியன் அல்லன். ஆகவே வைத்தியரிடம் போய்ச் சேரும் வரையில் செய்யத்தக்கதையும் செய்யத்தகாததையும் மட்டுமே இங்கே கூறுகிறேன்.

சில காலத்திற்கு முன் விதைப் பண்ணை ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தபொழுது, அந்நிலத்துக்குரிய மிராசுதார் வீட்டில் ஒரு ஸ்பிட்ஸ் குட்டியைக் கண்டேன். வயது சுமார் 10 வாரம். தூக்கிப் பார்த்தால் ஒரு கிலோவுக்குக் குறைவாகவே இருக்கும். முதல் நாள் மாலை கோவிலிலிருந்து வந்த நெய் மிகுந்த சர்க்கரைப் பொங்கலைக் குழந்தைகள் அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தது. வீட்டுப் பெரியவர் “லங்கணம் பரம ஔஷதம்” என்று சொல்லி, மறுநாள் சாயங்காலம் வரையில் ஒன்றும் கொடுக்கக்கூடாதென்று கட்டளையிட்டுவிட்டார். பிற்பகல் 3 மணிக்கு நான் பார்க்கையில் வாந்தி நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. ஆனால் குட்டி துணிபோல் துவண்டு கிடந்தது. ஈறு வெளுத்து, காது சில்லிட்டு, கால்கள் இடைவிடாமல் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. “விஷக்கடியாக இருக்குமோ?” என்று எல்லோரும் பயந்து நின்றார்கள். அது விஷமுமன்று, வாந்தியின் வேகமுமன்று, பட்டினியேயாகும்.

இதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். உணவு இல்லாத வேளையில் தேகத்துக்கு வேண்டிய சர்க்கரையை ஈரலானது தன்னிடமுள்ள சேமிப்பிலிருந்து இரத்தத்தில் விடுகிறது. வளர்ந்த பெரிய நாய்க்கு இந்தச் சேமிப்பும், அது தீர்ந்தபின் உதவக்கூடிய தசையும் கொழுப்பும் போதிய அளவில் உண்டு. ஒரு நாள் உபவாசம் அதற்குக் கேடு செய்யாது. சிறு ஜாதிக் குட்டியின் ஈரலோ மிகச் சிறியது, தசை குறைவு, கொழுப்பு அநேகமாக இல்லை. தேகம் சிறிதாயிருக்கும் அளவுக்கு உஷ்ணம் வெளியே போவது அதிகம். அதை ஈடுசெய்யச் செலவாகும் சர்க்கரையும் அதிகம். ஆகவே சில மணி நேரத்திற்குள் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, மூளைக்கு ஆகாரம் இல்லாமல் தளர்ச்சி, நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம், மரணம் என்ற வரிசையில் சென்றுவிடும். களஞ்சியம் நிறைந்த மிராசுதாருக்கும் அன்றாடக் கூலிக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் போன்றதே இது. லங்கணம் என்பது பெரிய நாய்க்குப் பொருந்துமேயன்றி இதற்குப் பொருந்தாது.

நீரின் கணக்கும் இப்படியே. 800 கிராம் எடையுள்ள ஒரு குட்டி வாந்தியாலும் கழிச்சலாலும் 80 மில்லி நீரை இழந்தால், அது தன் தேகத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்ததாகும். அந்த அளவு நஷ்டம் உயிருக்கு ஆபத்தானது. 80 மில்லி என்பது ஒரு சிறிய டம்ளர் காப்பிக்கும் குறைவு. 20 கிலோ எடையுள்ள இராஜபாளையம் நாய்க்கு அதே 80 மில்லி ஒரு பொருட்டே அல்ல.

அந்தக் குட்டிக்கு நாங்கள் செய்தது இவ்வளவே. சர்க்கரையைச் சிறிது வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, விரலில் தொட்டு, ஈறுகளிலும் நாக்கின் அடியிலும் தேய்த்தோம். வாயில் ஊற்றவில்லை, மயங்கிக் கிடக்கும் பிராணியின் வாயில் எதை ஊற்றினாலும் அது சுவாசப்பைக்குள் இறங்கிக் கொன்றுவிடும். சர்க்கரைக்குப் பதிலாகத் தேனோ குளுக்கோஸோ இருந்தாலும் சரியே. ஒரு துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கதகதப்பாக்கினோம். கால் மணி நேரத்திற்குள் இழுப்பு நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்பொழுதே வண்டியில் ஏற்றிக் கால்நடை வைத்தியசாலைக்கு அனுப்பினோம். தலையைத் தூக்கியதும் பிழைத்துவிட்டதென்று வீட்டோடு வைத்துக்கொள்வது தவறு. தேய்த்த சர்க்கரை சிறிது நேரத்துக்கே காணும். மூல காரணம் உள்ளேயே இருக்கும். அங்கே வைத்தியர் நரம்பில் மருந்து நீர் ஏற்றியதோடு, மலத்தைப் பரிசோதித்து வயிறு நிறையப் புழு இருப்பதாகவும் கண்டார். பொங்கல் ஒரு வியாஜமே.

இனி வாந்தியின் வகைகளை அறியவேண்டும். தின்றவுடன் வயிறு இழுபடாமல், தலையைத் தாழ்த்தியதும் உணவு உருண்டையாக வந்து விழுந்தால் அது எதிர்க்களித்தல். அவசர அவசரமாகத் தின்பதாலோ உணவுக்குழாயின் கோளாறாலோ வருவது. வயிறு குமுறி, எச்சில் ஒழுகி, பக்கங்கள் இழுபட்டுப் பின் வெளிவருவதே உண்மையான வாந்தி. பால் மறக்கும் பருவத்தில் தாய் நாய் தான் தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுப்பதும் உண்டு. அது இயற்கை, வியாதியன்று. விடியற்காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரை ஒரு முறை மட்டும் வந்து, குட்டி உற்சாகமாக விளையாடினால், இரவில் படுக்குமுன் சிறிது ஆகாரம் கொடுத்து வந்தாலே அநேகமாக நின்றுவிடும். பஸ்ஸில் வரும்பொழுது எடுக்கும் வாந்தியும் இறங்கியபின் நிற்கும்.

வாந்தியில் சேமியாவைப் போல வெளுத்து நீண்ட புழுக்கள் வந்தால் அவை நாக்குப்பூச்சிகள். இவை குட்டிக்கு வெளியிலிருந்து வந்து சேரவேண்டுமென்பதில்லை. தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம் புழுக்கள் கர்ப்பத்திலேயே குட்டியின் தேகத்துள் புகுகின்றன. பின்னர்ப் பாலின் வழியாகவும் செல்கின்றன. ஆகையால் சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் புழு உண்டு என்றே கொள்ளவேண்டும். பிறந்த 2 வாரத்தில் தொடங்கி, 8 வார வயது வரை இரண்டு வாரத்திற்கு ஒரு முறையும், பின் 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும், வைத்தியர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுக்கவேண்டும், தாய்க்கும் கொடுக்கவேண்டும். இப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு வாரமோ அதற்கு மேலோ சென்றபின் தொற்றும் தன்மை அடைகின்றன. அந்த மண்ணில் விளையாடிக் கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தைகளின் ஈரலிலும் கண்ணிலும் இளம் புழுக்கள் புகுந்து, பார்வையையே கெடுத்துவிடுவதும் உண்டு. மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட்டால் இந்த அபாயம் பெரும்பாலும் நீங்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை, செய்பவர்கள்தாம் குறைவு.

குட்டிகளைக் கூட்டமாக அழிப்பது பார்வோ வைரஸ் என்னும் நோய். 1978-ம் வருஷத்தில்தான் இது முதலில் கண்டறியப்பட்டது; இரண்டு வருஷங்களுக்குள் உலகமெங்கும் பரவிவிட்டது. 6 வாரம் முதல் 6 மாதம் வரை உள்ள குட்டிகளே இதற்கு அதிகமாக இரையாகின்றன. கிருமி உட்புகுந்து 3 முதல் 7 நாட்களில், முதலில் சோர்வும் ஆகாரத்தில் வெறுப்பும், பின் ஓயாத வாந்தியும், அதன்பின் துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் உண்டாகும். குடலின் உட்புறத் தோலைப் புதுப்பிக்கும் அணுக்களையும், எலும்பு மச்சையில் வெள்ளை அணுக்கள் உற்பத்தியாகும் இடத்தையும் இக்கிருமி அழிக்கிறது. குடல் வேலியற்ற வயலைப் போலாகி, அங்குள்ள மற்றக் கிருமிகள் இரத்தத்துள் நுழைகின்றன. தக்க காலத்தில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன; வீட்டில் விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை இறக்கின்றன. ஆகவே தடுப்பு ஊசி முற்றுப்பெறாத குட்டி இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்தால், கழிச்சல் வரட்டும் என்று காத்திராமல் உடனே கொண்டுபோகவேண்டும்.

“ஊசி போட்டும் வந்துவிட்டதே” என்று சொல்பவர்கள் உண்டு. சீம்பாலின் வழியாகத் தாய் கொடுத்த பாதுகாப்பு குட்டியின் இரத்தத்தில் இருக்கும் வரையில், நாம் போடும் ஊசி மருந்தை அதுவே செயலற்றதாக்கிவிடும். அந்தப் பாதுகாப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகையால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்திற்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பின்னோ அமையும்படி செய்கிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்துவது, நாற்று நட்டு ஒரு தண்ணீர் பாய்ச்சிவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதற்கு ஒப்பாகும். விற்பவர் “எல்லா ஊசியும் ஆயிற்று” என்று வாயால் சொல்வதை நம்பாமல், தேதியிட்ட அட்டையைக் கேட்டு வாங்கவேண்டும். 8 வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்பதை 2017-ம் வருஷத்து நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் தடுக்கின்றன. 30 நாள் குட்டியைக் கூடையில் வைத்துச் சந்தையில் விற்பவரிடம் வாங்காதிருப்பதோடு, கிராமாதிகாரிகள் இவ்விதியை ஊரில் தெரியப்படுத்துவதும் நலம்.

இந்நோயால் ஒரு குட்டி இறந்த வீட்டில், குழந்தைகளின் அழுகையைப் பொறுக்காமல் அந்த வாரமே வேறொரு குட்டியை வாங்கி வந்து, அதையும் இழந்தவர்களை நான் அறிவேன். இக்கிருமி நிழலான ஈர மண்ணில் பல மாதங்களும், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். பினாயிலுக்கு இது சாவதில்லை. பிளீச்சிங் பௌடருக்குச் சாகும். முதலில் மலத்தையும் வாந்தியையும் வழித்தெடுத்துப் புதைத்து, இடத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவவேண்டும். அழுக்கின் மேல் கொட்டிய பௌடர் வீணாகிவிடும். பின்னர்ப் புதிய பிளீச்சிங் பௌடரை லிட்டருக்கு 6 கிராம் வீதம் கரைத்துத் தெளித்து, 10 நிமிஷம் ஈரமாகவே இருக்கவிட்டுப் பிறகு கழுவலாம். பினாயிலையோ அமிலத்தையோ இதனுடன் கலக்கலாகாது. சிமெண்டுத் தரைக்கு இது போதும்; மண் தரைக்குப் போதாது. மண் முற்றமுள்ள வீட்டார், ஊசி அனைத்தும் முடிந்து 4 மாதம் கடந்த குட்டியையே அடுத்தபடி வாங்கவேண்டும். இந்நோய் மனிதரையும் மாடுகளையும் பற்றாது. ஆனால் செருப்பின் அடியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

இப்பொழுது நம் தொழிலோடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷங்களுக்கு வருகிறேன். முதலாவது ஆமணக்குப் பிண்ணாக்கு. எருவாக இது மிக உயர்ந்தது. தோட்டப் பயிர்களுக்கு நாங்கள் சொல்லிவருவதும் இதையே. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்னும் கொடிய விஷம் எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. நன்றாகச் சூடுபடுத்தினால் மட்டுமே அழியும். மாடு தின்னக்கூடாதென்று எல்லோரும் அறிவர்; நாய் இதைத் தேடிப் போய்த் தின்னும் என்பதைப் பலர் அறியார். இதன் வாசனை நாய்க்குப் பிடித்தமானது. ரோஜாச் செடியின் அடியில் இட்டதைத் தோண்டித் தின்ற குட்டி, அன்று மாலையோ மறுநாளோதான் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கொள்ளும். அதனால் காரணம் தெரியாமல் போகிறது. இதற்கு மாற்று மருந்து இல்லை. தின்றது தெரிந்தவுடன், அறிகுறி தோன்றுமுன்பே வைத்தியரிடம் போவதே வழி. பிண்ணாக்கு மூட்டையைக் கதவுள்ள அறையில் வைக்கவும். இட்ட எருவை மண்ணால் ஆழமாக மூடவும். பூஞ்சாளம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் ஆகாது. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் மடிந்ததை ஆராய்ந்தபொழுது, அத்தகைய பிண்ணாக்கிலிருந்த அப்லாடாக்சின் என்னும் விஷம் தெரியவந்தது. நாயின் ஈரலையும் அது கெடுக்கும்.

எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு இரண்டாவது. வயிற்றிலுள்ள புளிப்பு நீர் பட்டதும் இது பாஸ்பீன் என்னும் விஷ வாயுவாக மாறுகிறது. தின்ற குட்டிக்குச் சோறோ பாலோ கொடுத்தால் புளிப்பு நீர் அதிகமாகச் சுரந்து வாயுவும் அதிகமாகும். ஆகவே ஒன்றும் கொடுக்கலாகாது. அது எடுக்கும் வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் ஆபத்தாகையால் மூடிய அறையிலோ மூடிய காரிலோ வைத்திராமல் காற்றோட்டமாகக் கொண்டுபோகவும். வேறு சில எலி மருந்துகள் உடனே வாந்தியை உண்டாக்காமல், சில நாள் கழித்து உள்ளே இரத்தம் கசியச் செய்து கொல்லும். அவற்றிற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாகும். பூச்சி மருந்துகளில் பல, வாந்தியோடு எச்சில் வடிதல், கண்ணீர், கண்மணி சுருங்குதல், தசை துடித்தல் ஆகியவற்றை உண்டாக்கும். எதுவாயினும் மருந்து வந்த டப்பாவையோ சீட்டையோ கையோடு எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

மக்காச்சோளக் கட்டை, மாங்கொட்டை, உர மூட்டையின் நூல், துணி முதலியவற்றை விழுங்குவதாலும் குடல் அடைபட்டு வாந்தி உண்டாகும். தின்றதும் குடித்ததும் எல்லாம் திரும்பி வருதல், மலம் வராமை, வயிறு தொட்டால் முனகுதல் ஆகியவை இதன் அடையாளம். நாக்கினடியிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது; குடல் அறுபட்டுவிடும்.

வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கது எது? ஓரிரு முறை மட்டும் வாந்தி எடுத்து, குட்டி விழிப்பாகவும், ஈறு ஈரமாகவும் சிவப்பாகவும் இருந்து, ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்பினால், சில மணி நேரம் பார்க்கலாம். ஒரு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பின் கொதித்து ஆறிய நீரையோ, மருந்துக் கடையில் விற்கும் உப்பு சர்க்கரைக் கரைசலையோ ஒரு தேக்கரண்டி வீதம் கால் மணிக்கு ஒரு முறை நக்கவிடவும். தாகத்தால் துடிக்கிறதே என்று கிண்ணம் நிறைய வைத்தால், முழுவதையும் குடித்து முழுவதையும் கக்கும். நீர் தங்கினால், குழைந்த சோற்றோடு தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி சிறிது பிசைந்து, இரண்டு மணிக்கு ஒரு முறை இரண்டு கரண்டி கொடுக்கலாம். எக்காரணத்தாலும் பட்டினி 6 மணி நேரத்தைத் தாண்டலாகாது. அதற்குள் நீரும் தங்காவிட்டால் அது வைத்தியருக்குரிய விஷயம். இரத்தம் கண்டாலும், சோர்வோ வயிற்று வீக்கமோ இருந்தாலும், தேக உஷ்ணம் 39.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலோ 37.5-க்குக் கீழோ இருந்தாலும், கண் மஞ்சளித்தாலும் காத்திருக்கவேண்டாம்.

நமக்கு வாங்கிவைத்த பாரசிட்டமால், இபுப்ரோபென் முதலிய மாத்திரைகளைக் கொடுப்பது விஷம் கொடுப்பதேயாகும். வாந்தியை நிறுத்தும் மாத்திரையையும் சுயமாகக் கொடுக்கலாகாது. குடல் அடைப்பிருந்தால் கேடு விளையும். விஷத்தைக் கக்க வைக்க உப்பைக் கரைத்துப் புகட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது; அவ்வளவு உப்பே ஒரு சிறு குட்டியைக் கொல்லப் போதும். எண்ணெய், சாராயம், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு ஆகா. பொங்கலில் போடும் காய்ந்த திராட்சையும் இதில் அடங்கும்.

கடைசியாக ஒன்று. குட்டி எச்சில் ஒழுக, வாய் திறந்தபடி, விழுங்க முடியாமல் ஓங்கரித்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி உடனே கையை விட்டுப் பார்ப்பது நம் வழக்கம். வெறி நோயும் இதே விதமாகத் தோன்றும். குட்டியென்பதால் அந்நோய் வராதென்பதில்லை. கையை விடாமல் தனியே அடைத்து, வைத்தியருக்குச் சொல்லியனுப்பவேண்டும். எச்சில் காயத்திலோ கீறலிலோ பட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். குட்டிக்கு 3 மாதம் நிரம்பியதும் வெறி நோய்த் தடுப்பு ஊசி போடுவது, அதற்காக மட்டுமன்றி, அதைத் தூக்கிக்கொண்டு திரியும் குழந்தைகளுக்காகவுமே.

முன் சொன்ன மிராசுதார் வீட்டுக் குட்டி நான்காம் நாள் வீடு திரும்பிற்று. இப்பொழுது அதற்கு நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாக ஆகாரம் கொடுக்கிறார்கள். பெரியவர் ஆமணக்குப் பிண்ணாக்கு மூட்டைகளைத் திண்ணையிலிருந்து எடுத்து, பூட்டுள்ள அறைக்கு மாற்றியிருக்கிறார்.